முறத்தில் ஜெயித்த இலை

மாலை வகுப்பில் என்னோடு பாயில் உட்காருகிற உங்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். அறுபத்தாறு வயதில் எழுத்துக் கற்றுக்கொள்ள வந்தவள், யார் திருத்தினாலும் முறைக்கிறவள். சின்ன வயதில் நடந்ததை ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். நீங்கள் திருவிழாவையும் தேர் இழுத்ததையும் எழுதினீர்கள். எனக்கு ஒரு பக்கம் போதவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து இருபத்தோரு நாள் ஆயிற்று இதை எழுத. கோணல் எழுத்தைப் பொறுத்துப் படியுங்கள். முடியாவிட்டால் மூடி வைத்துவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயது. அடி அண்ணாமலையில் மலை சுற்றும் பாதையை விட்டு உள்ளே தள்ளி எங்கள் வீடு. பின்னால் கிணறு, அதை ஒட்டிக் காய்கறித் தோட்டம், அதற்கப்பால் வேர்க்கடலை போடுகிற மல்லாட்டைக் கொல்லை. அந்த வருஷம் வைகாசியில் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. அண்ணிக்குக் கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு ஊர். பதினாறு வயது இருக்கும். வந்த அன்று அவள் கையில் ஒரு பழந்துணி முடிச்சு இருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகை என்று நினைத்தாளோ என்னவோ. அவிழ்த்தால் சுரை விதை.

"இன்னாம்மா இது? எங்க வூட்டுல சொரைக்காய்க்குப் பஞ்சமா?" என்றாள் அம்மா.

"இல்லிங்க அத்தை. எங்க வூட்டுக் கூரை மேல காய்ச்சது. எங்கம்மா குடுத்தாங்க."

"ஏன், எங்க கூரைக்கு இன்னா கொறச்சல்?"

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர், "நடட்டும் வுடு. ஒரு குழியில இன்னா வந்துடப் போவுது" என்றார்.

ஆனியில் முதல் மழை பெய்ததும் அம்மா தன் விதையைக் கிணற்றுக்குக் கிழக்கே நட்டாள். அண்ணி தன் விதையை மாட்டுக் கொட்டகை ஓரம் நட்டாள். இரண்டும் ஒன்றாகத்தான் முளைத்தன. இரண்டு இலை விட்டதும் சிவப்பு வண்டு வந்துவிட்டது. உங்களுக்கு அதைத் தெரியாமல் இருக்காது. உளுந்தை விட நீளம், முதுகு செங்காவி, வயிறு கறுப்பு. பூசணி, வெள்ளரி, சுரை என்று கொடிக் கொடியாகப் போய் இலையில் வட்டம் வட்டமாகக் கத்தரிக்கும்.

ஆனால் அந்த வருஷம் அது ஒரு ருசி கண்டுவிட்டது. அம்மாவின் கொடியில் தேடினால் நாலு வண்டு இருக்கும். பக்கத்தில் பந்தல் ஏறுகிற பாகலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அண்ணியின் கொடியில் மட்டும் குங்குமம் கொட்டியது போல அப்பிக்கொண்டிருக்கும். அதுவே கத்தரிச் செடியில் இருக்கும் புள்ளி வண்டுக்கு வேறு குணம். அது கத்தரியை விட்டு நகராது, இலையைச் சல்லடையாகச் சுரண்டிவிட்டு அங்கேயே முட்டை வைக்கும். ஆளுக்கொரு இலை, ஆளுக்கொரு வாய்.

அம்மாவுக்கு அது வசதியாகப் போயிற்று. "பாத்தியா, உங்க ஊரு கொடிக்கு எங்க ஊரு வண்டெல்லாம் விருந்துக்கு வந்திருக்குது. எல போடு, குந்த வெச்சுப் பரிமாறு" என்பாள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். பொறுத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு அது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

வண்டு பிடிக்கிற வேலை என்னுடையது. விடிந்ததும் போக வேண்டும். பனி ஈரத்தில் அவை பறக்காது, தொட்டால் செத்தது போலக் கீழே விழும். இலைக்கு அடியில் மண்சட்டியைப் பிடித்துக்கொண்டு தட்டினால் போதும். சட்டியில் சாம்பல் கரைத்த தண்ணீர். அண்ணியும் சாணி எடுக்க வருகிற சாக்கில் என்னோடு வந்து குந்துவாள். அவளுக்கு அந்த வீட்டில் பேச ஆள் கிடையாது. அண்ணன் வாய் திறந்தால் சோறு கேட்கத்தான் திறப்பார்.

ஒரு நாள் அவள்தான் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தாள். முறத்தைக் கவிழ்க்காமல் தரையில் வைத்து, ஓரத்தில் சுற்றிலும் இலைகளை அடுக்கினாள். பூசணி, வெள்ளரி, பாகல், அம்மாவின் சுரை, அவளுடைய சுரை. நடுவில் பத்து வண்டை விட்டுக் கொட்டாங்குச்சியால் மூடினாள்.

"உன் எல எது, சொல்லு பாப்பா."

"பூசணி."

"எனக்கு என் எலதான்."

கொட்டாங்குச்சியைத் தூக்கினால் வண்டுகள் தள்ளாடிக்கொண்டு நடக்கும். நான்கு பக்கமும் தலையை ஆட்டும். பிறகு ஒன்று திரும்பும், இன்னொன்று திரும்பும், கடைசியில் ஏழு எட்டு அவளுடைய இலைக்கே போய்ச் சேரும். தினமும் அதுவேதான். நான் வெள்ளரி என்பேன், தோற்பேன். ஒரு நாள் வீம்புக்குப் பாகலைச் சொன்னேன். ஒரு வண்டு அதன் கிட்டே போய் மோந்து பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்கம்மா மாதிரியே மூஞ்சத் திருப்பிக்குது பாரு!" என்றாள். சொல்லிவிட்டுப் பயந்துபோய், "சொல்லிடாத பாப்பா" என்று என் கையைப் பிடித்தாள். நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் நான் எதையும் சொல்லாத பிள்ளை என்று பேர் வாங்கியிருந்தேன். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். வண்டியில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, "என் கொடியப் பாத்துக்க பாப்பா. வண்டு தின்னுட்டா உங்கம்மா முன்னாடி தல தூக்க முடியாது" என்றாள். நான் பார்த்துக்கொண்டேன். காலையில் அம்மாவின் கொடிக்குப் போகும் முன் அவளுடையதற்குப் போனேன். சாம்பலை மெல்லிய துணியில் கட்டி இலை இலையாகத் தட்டினேன். கொடி கொட்டகைக் கூரையில் ஏறிப் படர்ந்தது.

அப்போதுதான் ஒரு நாள் அது நடந்தது. வண்டை நசுக்கி, பிய்ந்த தளிரைக் கிள்ளிப் போட்டுவிட்டு, மறந்துபோய் விரலை வாயில் வைத்தேன். பாகல் கசப்பு இல்லை, வேப்பங்கொழுந்துக் கசப்பும் இல்லை. நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு, துப்பத் துப்பத் தொண்டைக்கு இறங்கியது. வெல்லம் கேட்டு வாங்கித் தின்றும் மத்தியானம் வரைக்கும் போகவில்லை. அம்மாவின் கொடித் தளிரையும் கிள்ளி நக்கிப் பார்த்தேன். அது வெறும் பச்சை வாசனை, அவ்வளவுதான்.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தோன்றும்? வண்டுதான் கசக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குத் தோதாகவும் இருந்தது. கசப்பு என்று வாயைத் திறந்தால் அம்மா அந்த நிமிஷமே கொடியைப் பிடுங்கிப் போடுவாள்.

ஆவணியில் அண்ணி திரும்பி வந்தாள். கூரை மேல் வெள்ளை வெள்ளையாகப் பூ. வண்டியை விட்டு இறங்கியவள் வீட்டுக்குள் போகாமல் நேரே கொட்டகைக்கு ஓடினாள். "ஐயோ பாப்பா, என் தங்கம்!" என்று என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அவள் புடவையில் மஞ்சள் வாசனை. கசப்பு என்ற பேச்சு அத்தோடு எனக்குள்ளேயே போயிற்று.

புரட்டாசி அமாவாசை வந்தது. முன்னோர்களுக்குப் படையல் போடுகிற நாள். அண்ணியின் கொடியில் முதல் காய் முழங்கை நீளத்துக்கு இளசாகத் தொங்கியது. அம்மா தன் கொடிக் காயை அறுக்க அரிவாளை எடுத்தாள். அப்பா தடுத்தார்.

"புது மருமவ கையால வெச்சது. இந்த வருசம் அதுவே ஆவட்டும்."

"அந்த வண்டு தின்ன கொடியா?"

"வண்டு தின்னதுன்னாதான் நல்லது. விசமா இருந்தா பூச்சி வாய வெக்குமா? ஒண்ணும் தெரியாம பேசுற" என்றார் அப்பா.

அவர் சொன்னது ஊரே சொல்வது. இன்றைக்கும் சந்தையில் பூச்சி கடித்த கத்தரிக்காயைத் தேடி எடுக்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

அண்ணி குளித்து ஈரத்தோடு சமைத்தாள். சுரைக்காயில் கடலைப்பருப்புப் போட்டுக் கூட்டு. படையல் சமையலை உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்கக் கூடாது. உங்கள் வீட்டிலும் அதுதானே வழக்கம். முன்னோர்கள் சாப்பிடும் முன் நாம் எச்சில் பண்ணலாமா? மற்ற நாளாக இருந்தால் நறுக்கும்போதே ஒரு துண்டைக் கடித்துப் பார்த்திருப்பாள். அன்றைக்குப் பார்க்கவில்லை. இலை போட்டு, கற்பூரம் காட்டி, காக்கைக்கு வைத்தோம். காக்கை வந்து வடையையும் சோற்றையும் தின்றது, கூட்டை அலகால் தள்ளிவிட்டுப் போயிற்று. காக்கை வந்துவிட்ட சந்தோஷத்தில் அதைப் பெரியவர்கள் யாரும் பார்க்கவில்லை.

ஆண்கள் முதலில் உட்கார்ந்தார்கள். அண்ணனுக்குச் சுரைக்காய் ஆகாது, இலையில் வைக்கவே விடமாட்டார். அப்பா காலையிலிருந்து பட்டினி விரதம். அண்ணி பரிமாறினாள். அப்பா கூட்டைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். அவர் கழுத்து ஒரு தரம் இழுத்துக்கொண்டதை நான் தூணருகில் நின்று பார்த்தேன். அண்ணி எதிரிலேயே கரண்டியோடு நின்றாள். அப்பா தண்ணீரைக் குடித்தார், அடுத்த வாய் வைத்தார், இலையில் இருந்ததை முழுக்க வழித்துத் தின்றார். பிறகு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவர் சொன்னது இது ஒன்றுதான்: "கசந்துச்சு. படையல் சோத்தத் துப்பக் கூடாதேன்னு முழுங்கிட்டேன்."

நாங்கள் பெண்கள் உட்காரும் முன்பே அவருக்கு வாந்தி தொடங்கிவிட்டது. முதலில் சோறு, பிறகு தண்ணீர், பிறகு ரத்தம். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, திருவண்ணாமலை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அம்மா அந்த வெறியில் கூட்டுச் சட்டியை எருக்குழியில் கவிழ்த்தாள். மறுநாள் காலை வந்தவள் கொடியை வேரோடு இழுத்து, காய் பிஞ்சு எல்லாவற்றையும் சேர்த்துக் கொளுத்தினாள். பச்சைக் கொடி எரியாமல் புகைந்தது. அண்ணி அதை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் அண்ணியின் அப்பா வந்தார். எங்கள் அப்பா பிழைத்துவிட்டார் என்று தெரிந்திருந்தது. ஆனாலும் அம்மா விடவில்லை. வாசலில் நின்றே பேச்சு.

"நட்டவ இவ, ஆக்குனவ இவ, போட்டவ இவ. எதைக் கலந்தா, கேளுங்க சம்பந்தி."

"எம் பொண்ணு அப்படிச் செய்யமாட்டா சம்பந்தியம்மா. சில வெதை பேய்ச்சொரையா மாறிடும். காயப் பாத்தா தெரியாது. எலைய மென்னு பாத்தா கசக்கும். அந்தக் கொடி எங்க?"

"கொளுத்திட்டேன்."

அவர் பிறகு என்னைப் பார்த்தார். "வண்டு புடிக்கறது இந்தப் பாப்பாதானாமே. தெனமும் தொட்ட கை. நீ சொல்லும்மா, பயப்படாத. எல கசந்துச்சா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணியும் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு தைரியம் வந்ததை நான் பார்த்தேன். பாப்பா சொல்லிவிடும் என்கிற தைரியம்.

நான் என்ன நினைத்தேன் என்று சொல்கிறேன். கசந்தது என்றால், ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்பார்கள். அப்பா ரத்தம் கக்கியது என்னால் என்று ஆகும். அண்ணிக்கும் தெரிந்திருக்கும், இரண்டு பேரும் சேர்ந்து மறைத்தார்கள் என்று அம்மா சொல்லுவாள். கசக்கவில்லை என்றால் கொடி நல்ல கொடி, அண்ணி நல்லவள், எல்லாம் முடிந்துவிடும். என் சின்னப் புத்திக்கு அது இரண்டு பேரையும் காப்பாற்றுகிற பதிலாகத் தெரிந்தது.

"இல்ல. கசக்கல" என்றேன்.

அம்மா கையைத் தட்டினாள். "கேட்டுக்கினீங்களா? கொடி கசக்கல. அப்ப சோறு எப்படிக் கசந்துச்சு? கொழந்த வாயில பொய் வருமா?"

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. வாயைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. அண்ணி என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் இன்றுவரை ஆறவில்லை. ஏதோ தான்தான் தப்பாக எண்ணியிருந்தது போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, உள்ளே போய்த் துணியை எடுத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். அண்ணன் கிணற்றடியில் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். தை மாதம் அவருக்கு வேறு பெண் பார்த்தார்கள்.

அப்பா அதன் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தனக்குத் தெரிந்த நியாயத்தை அவர் முழுங்கிவிட்டார், சோற்றை முழுங்கியது போலவே. அம்மாவும் போய்விட்டாள், அண்ணனும் போய்விட்டார். நானும் கல்யாணம் கட்டி, பெற்று, தாலி அறுத்து, டவுனுக்கு வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மறந்திருந்தேன் என்று சொல்லமாட்டேன். அசந்திருந்தேன்.

போன ஆடியில் நம் வகுப்புக்கு வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்தாரே, நினைவிருக்கிறதா? சிவப்பு வண்டுப் படம் போட்ட தாளைக் கொடுத்து நம்மை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னார். "இந்த வண்டு கசப்பைத் தேடித்தாங்க வரும். ஒரே தோட்டத்துல நாலு சொரைக்கொடி இருந்தா, எதுல கசப்பு ஜாஸ்தியோ அங்கதான் மொய்க்கும். பாகலோட கசப்பு வேற, அதத் தொடாது" என்றார். உங்களில் ஒருத்திதான், "வண்டு தின்னா நல்லதுன்னு சொல்றாங்களேம்மா" என்று கேட்டாள். அந்த அம்மா சிரித்தார். "வண்டு வயிறு வேற, உங்க வயிறு வேறங்க."

எல்லோரும் சிரித்தீர்கள். நான் தலைவலி என்று எழுந்து போனேன்.

முறத்தில் தினம் தினம் பத்து வண்டு எங்களிடம் சொன்னது அதைத்தானே. நாங்கள் ஜெயித்தது என்று எண்ணினோம்.

யார் வாசலிலும் போய் நின்றவள் இல்லை நான். ஆனாலும் போன மாதம் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். இறங்கி ஒரு மைல் நடை. அண்ணி தம்பி வீட்டில் இருக்கிறாள். வேறு கல்யாணம் ஆகவில்லை. விஷம் வைத்தவள் என்ற பேரோடு யார் கட்டுவார்கள்? மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். முதுகு வளைந்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னதும், "பாப்பாவா?" என்று என் நரைத்த தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சாப்ட்டியா? இரு, தம்பி பொண்டாட்டி வந்தா ஏதாச்சும் குடுப்பா. நான் அடுப்பாண்ட போறதில்ல."

"ஏன் அண்ணி?"

"வுடமாட்டாங்க" என்றாள், மழை வரும் என்பது போல. "எங்கம்மா இருந்தவரைக்கும் சமைச்சேன். அப்பால தம்பிக்குக் கல்யாணம் ஆச்சு. இந்த வூட்டுல மாடு என்னுது, அடுப்பு அவங்களுது."

தம்பிக்குக் கல்யாணம் ஆகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒருத்தர் வாயில் ஒரு பிடி சோறு போட்டதில்லை அவள்.

நான் சொல்லப் போனது வேறு. பஸ்ஸில் வழியெல்லாம் அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். சொல்லிவிடலாம் என்று அவள் பக்கத்தில் குந்தினேன். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"மாமா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா பாப்பா? சாவறதுக்குள்ள?"

தம்பி பொண்டாட்டி தலையில் புல்லுக்கட்டோடு அப்போதுதான் உள்ளே வந்தாள். அவளுக்கும் அறுபது இருக்கும். கட்டை இறக்கிவிட்டு யார் இது என்று பார்த்தாள்.

"சொன்னாரு" என்றேன். அவளுக்கும் கேட்கிற மாதிரி உரக்கவே சொன்னேன். "அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல, கொடிதான் பேய்ச்சொர, எனக்கு அன்னிக்கே தெரியும்னு சொன்னாரு. சாவறப்ப என் கையப் புடிச்சுக்கினு சொன்னாரு. எல கசப்புதான். வண்டே அதுக்குத்தான் வந்துச்சாம். ஆபீசுல இருந்து வந்து சொல்றாங்க, தாளு இருக்குது, படிக்கட்டா?"

படித்தேன். எழுத்துக் கூட்டி, நின்று நின்று, அந்தத் தாள் முழுவதையும் அந்தக் கொட்டகையில் படித்தேன். தாளில் இருந்தது உண்மை. அப்பா சொன்னதாக நான் சொன்னது பொய். நான் செய்தது இரண்டிலும் இல்லை. இதை நீங்கள் அவளைப் பார்த்தால் சொல்லவேண்டாம். அவளுக்கு எழுத்துத் தெரியாது, நீங்களும் படித்துக் காட்டாதீர்கள்.

அண்ணி அழவில்லை. "மாமா சொன்னாரா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, தம்பி பொண்டாட்டியைக் கடந்து அடுப்பங்கரைக்குள் போனாள். அவள் வழி மறிக்கவில்லை. உள்ளே டப்பாவைத் திறந்து மூடுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது. எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று டம்ளரில் டீ வந்தது. எனக்கொன்று, அவளுக்கொன்று, தம்பி பொண்டாட்டிக்கு ஒன்று. சர்க்கரை ஏகத்துக்குப் போட்டிருந்தாள். தம்பி பொண்டாட்டி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் சூட்டோடு சூடாக அடி வரைக்கும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தன்னுடையதை வாய்க்குக் கொண்டு போனாள்.